ஆதம்பாவா காக்காவின் விடியற்காலைச் சீனி

யாழினி, கோகுலன்,

வீட்டுக்கு யார் வந்தாலும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ராவைக்கு நல்லா நித்திரை கொண்டீங்களா?" என்று அப்பா கேட்கிறாராம். கேட்டுக்கொண்டே, வந்தவரின் கழுத்தைப் பார்க்கிறாராம். போன கிழமை கோகுலனுடைய சிநேகிதன் அதனால் பயந்தே போனானாம். அம்மாவுக்கு வெட்கமாக இருக்கிறதாம். "பென்சன் எடுத்த பிறகு அப்பாவுக்கு என்னமோ நடந்திட்டு" என்று நீங்கள் இருவரும் குசினிக்குள் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பழக்கம் வேலையில் இருந்த காலத்திலேயே தொற்றியது. எப்படித் தொற்றியது என்று எழுதி வைக்கிறேன். யாழினி, நீ உயிரியல் படிக்கிறாய். நான் ஓ.எல். வரைக்கும் படித்தவன். உடம்பின் உள்விவகாரங்களில் நான் எழுதுவது பிழையென்றால் திருத்திக்கொள். என் விரலுக்குத் தட்டுப்பட்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் திருத்தாதே.

நான் ஆஸ்பத்திரியில் சிற்றூழியனாகச் சேர்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். வாவிக்கரை ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். முதலில் நோயாளர் வண்டி தள்ளினேன். பிறகு ஆய்வுகூடத்தில் குழாய் கழுவினேன். கழுவிய குழாய்க்குள் என்ன போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதைக் கண்டு அங்கிருந்தவர்கள் இரத்தம் எடுக்கப் பழக்கினார்கள். கடைசியில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பார்க்கிற கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான். தொடக்கத்தில் சனம் என்னை "ரத்தம் எடுக்கிற தம்பி" என்றார்கள். பிறகு "அண்ணன்" ஆனேன். கடைசிக் காலத்தில் "ஐயா" என்றார்கள். பதவி உயர்வு என்று எனக்குக் கிடைத்தது அதுதான்.

இரத்தம் எடுப்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். விரலில் குத்துவதானால் நுனியின் நடுவில் குத்தக் கூடாது. அங்கேதான் நோவு கூடுதல். பக்கவாட்டில் குத்த வேண்டும். ஆளின் தொழிலை முதலில் கேட்க வேண்டும். மீன் வெட்டுகிறவருக்கு ஒரு விரல், தையல்காரிக்கு ஒரு விரல் என்று விலக்க வேண்டியது மாறும். கையைக் கழுவச் சொல்ல வேண்டும். பழம் உரித்த கையோடு வந்தால் அந்தப் பழத்தின் சீனியையும் சேர்த்து மெசின் சொல்லும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். விரலைப் பிழியக் கூடாது. நாளத்தில் எடுப்பதானால் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் விட்டு மெதுவாகத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். ஏன் சாம்பல் மூடி? இரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். அந்தத் தீனியை நிறுத்துகிற தூள் அந்தக் குழாய்க்குள் இருக்கிறது. இதை முதன்முதல் கேட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உடம்பை விட்டு வந்த பிறகும் பசிக்கிற ஒன்றை நான் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவ்வளவு கவனமாக எடுத்தாலும், எடுத்த எண் எதைச் சொல்கிறது என்பதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, டொக்டர் குகநேசன் வரும் வரைக்கும்.

அவர் வெல்லாவெளிப் பக்கத்து ஆள். என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர், என்னை "அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிளினிக் தொடங்குவதற்கு முன், வெளியில் நீளமாகப் போட்டிருந்த வாங்கில் இருக்கிற சனத்தைக் கடைசி ஆளிலிருந்து முதல் ஆள் வரைக்கும் ஒருமுறை நடந்து பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, வயல் வரம்பில் நடப்பதுபோல் நடப்பார். "கதவுக்குள்ள வந்தாப் பிறகு ஆக்கள் நோயாளி ஆகிருவாங்க அண்ணன். வெளியிலதான் அவங்க அவங்களா இருக்காங்க" என்றார் ஒருமுறை. இன்னொரு வழக்கம், எதற்கும் "ஏன்?" என்பது. தெரியாததை "தெரியா" என்று நோயாளிக்கு முன்னாலேயே சொல்வது.

வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற ஒருவர் வந்திருந்தார். ஆள் தேக்கு மரம் மாதிரி. ஊசியைக் கண்டதும் கண் செருகி வேர்த்துப் போனார். குத்தினேன். சீனி கூடியிருந்தது.

"கடல்ல சுறாவப் புடிக்கிற ஆளுக்கு இந்த ஊசிக்கா பயம்?" என்றேன்.

"சுறா வந்தா நான் வள்ளத்துல நிப்பன். இஞ்ச எங்க ஓடுற?" என்றார்.

டொக்டர் எண்ணைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். "இவர மரத்தடியில கொஞ்சம் இருக்க விட்டு, மறுகா ஒருக்கா எடுங்க அண்ணன்" என்றார். எடுத்தேன். குறைந்திருந்தது. டொக்டரின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டது.

"ஏன் அண்ணன் குறைஞ்சிச்சு?"

"தெரியா டொக்டர். அவர் ஒண்டும் திங்கவும் இல்ல, குடிக்கவும் இல்ல."

"பயந்தா ஈரல் சீனிய அவிட்டு விடும். ஓடுறதுக்கு. எப்பயோ காட்டில ஓடினதுக்கு வெச்ச ஏற்பாடு. அவர் இருந்த இடத்திலயே இருந்துகொண்டு ஓடினவர்."

அதைக் கேட்டு வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

இப்போது ஆதம்பாவா காக்காவுக்கு வருகிறேன்.

காத்தான்குடி ஆள்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள். இடுப்பில் கட்டுகிற சாரம் நெய்கிறவர். வீட்டின் பின்பக்கத்தில் தறிக் கொட்டில், அதற்குள் ஒரு தறி. பெருத்த உடம்பு. கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. தாடைக்குக் கீழே நேராகத் தோள்தான். மனைவி சுபைதா ராத்தா மெலிந்த ஆள். ஒரு கையில் கிளினிக் கொப்பியும் மறு கையில் காக்காவுமாக வருவா.

காக்காவின் இரண்டு கண்ணிலும் புரை. கறுப்பு நூலும் கடும் நீல நூலும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. கரை பிழைத்த சாரம் கடைகளிலிருந்து திரும்பி வரத் தொடங்கியது. கண் ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். ஆனால் கண் டொக்டர் ஓர் எல்லை வைத்திருந்தார்: ஒப்பரேசன் அன்று காலை வெறும் வயிற்றில் சீனி அதற்குக் கீழே இருக்க வேண்டும். காக்காவுக்கு ஒவ்வொரு முறையும் அது எல்லை தாண்டியே நின்றது. திகதி தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. கண் மட்டும் தள்ளிப் போகாமல் மங்கிக்கொண்டே வந்தது.

சில்வியா மிஸ்ஸியை உங்களுக்குத் தெரியும்தானே. கிளினிக்கின் மூத்த தாதி. வாய் பொல்லாதது, மனம் நல்லது. காக்காவின் எண்ணைப் பார்த்ததும் வாங்கு முழுவதும் கேட்கத் தொடங்குவா.

"காக்கா! உங்கட ரத்தத்தில ஒரு கரண்டி போட்டா ஆஸ்பத்திரி முழுக்கப் பிளேன்ரீ ஊத்தலாம். ராவைக்கு என்ன திண்டீங்க?"

"ஒண்ணும் திங்கல்ல மிஸ்ஸி."

"ஒண்டும் திங்காத ஆளுக்கு இவ்வளவு வருமா? தொதலா, அலுவாவா? உண்மையச் சொல்லுங்க."

"தொதல் திண்டு சீனி கூடிச்செண்டா, அந்த ருசியாச்சும் மிச்சம் மிஸ்ஸி. நான் திங்காமயே ஏச்சு வாங்குறன்."

வாங்கு சிரித்தது. சுபைதா ராத்தா சிரிக்கவில்லை. என்னிடம் ஒதுங்கி வந்து மெதுவாகச் சொன்னா: "தம்பி, நான் ஒண்டு கேக்கன். இவரு இப்ப கொஞ்ச நாளா ஊட்டுக்குள்ள படுக்கிறல்ல. தறிக் கொட்டில்லதான் படுக்காரு. ஏனெண்டு கேட்டா 'சும்மா' எங்காரு. களவாத் திங்கத்தானே அங்க போற? வேறென்ன?"

நான் கொப்பியை வாங்கி எண்ணை எழுதிக் கொடுத்தேன். 

அடுத்தடுத்த முறைகளில் காக்கா கொஞ்சம் மெலிந்துதான் தெரிந்தார். ஆனால் காலைச் சீனி இன்னும் ஏறியிருந்தது.  நெசவுகாரன் என்பதால் நாடா எறிகிற கையை விட்டுவிட்டு மற்றக் கையில் குத்துவேன். அவர் மெசினைப் பார்க்கமாட்டார், பார்த்தாலும் தெரியாது. என் மூச்சைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவார்.

"கூடத்தான் என்ன, தம்பி?"

"கொஞ்சம் கூடத்தான் காக்கா."

"அல்லாட மேல ஆணையா நான் திங்கல்ல."

"நான் கேக்கல்லையே காக்கா."

"நீ கேக்கல்ல. அதான் சொல்றன்."

பிள்ளைகளே, ஒரு மனிதனுக்குக் கண் போவது பெரிய விசயம். அதோடு அவருடைய சொல்லும் போய்விட்டது. கண்ணாவது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சொல்லை மனைவிகூட நம்பவில்லை. மறுபடியும் ஒரு திகதி கொடுத்திருந்தார்கள். இதுவும் தவறினால் இனிப் பெயரைக் கடைசியில்தான் போடுவோம் என்று கண் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் திகதிக்கு முந்தி ஒரு கிளினிக் நாள். காக்கா விடிய முதலே வந்து வாங்கின் கடைசியில் இருந்தார். ராத்தா மருந்து வரிசையில் இடம் பிடிக்கப் போயிருந்தா. நான் ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் இருந்து குறட்டைச் சத்தம். இழுவை வள்ளத்தின் எஞ்சின்போல ஒரு சத்தம். சனம் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். டொக்டர் தன் வழக்கப்படி கடைசி ஆளிலிருந்து நடக்கத் தொடங்க வந்தார். அந்தக் கடைசி ஆள் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, நல்ல நித்திரை.

டொக்டர் நின்றார். குறட்டை திடீரென்று நின்றது. சனமும் சிரிப்பை நிறுத்தியது. ஆனால் அவர் முழிக்கவில்லை. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கப் பார்க்கின்றன, மூச்சு வரவில்லை. நான் கதவடியில் நின்று பார்க்கிறேன். நேரம் போகிறது. எழுப்பலாம் என்று ஓரடி வைத்தேன். டொக்டர் கையைத் தூக்கினார். சட்டென்று, தண்ணீருக்குள் அமுக்கப்பட்டவன் மேலே வந்து மூச்சை இழுப்பதுபோல், காக்கா ஒரு பெரிய இழுப்பு இழுத்தார். கண் பாதி திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது. எஞ்சின் தொடங்கியது.

டொக்டர் மெதுவாக அவர் பக்கத்தில் இருந்துவிட்டார். என்னைக் கையால் கூப்பிட்டார்.

"அண்ணன், நாடியப் புடியுங்க. எழுப்பாம."

காக்காவின் மணிக்கட்டில் விரலை வைத்தேன். குறட்டை இருக்கும்போது நாடி ஒருவிதமாக நடந்தது. மூச்சு நின்றதும் நாடி தயங்கித் தயங்கி மெதுவானது. மூச்சை இழுத்த அந்தக் கணத்தில் என் விரலுக்குக் கீழே அது குதித்து ஓடத் தொடங்கியது. மாடிப்படி ஏறி வந்தவர்களின் நாடியை எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். அதே ஓட்டம். ஆள் வாங்கில் இருக்கிறார், கால் அசையவில்லை, முகத்தில் ஈ இருக்கிறது. நாடி மட்டும் யாரோ துரத்துவதுபோல் ஓடுகிறது. பிறகு அடங்குகிறது. பிறகு மறுபடியும்.

உள்ளேயிருந்து மிஸ்ஸி நம்பர் கூப்பிட்டா. "நம்பர் இருக்கட்டும் மிஸ்ஸி" என்றார் டொக்டர், காக்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டொக்டர் காக்காவத் தாலாட்டுறார் போல. நாங்க எப்ப வீட்ட போற?" என்றது ஒரு குரல்.

"நீங்களும் உறங்குங்க. உங்களையும் பாக்கன்" என்றார் டொக்டர்.

காக்கா தானாக விழித்ததும் உள்ளே கூட்டிப் போனோம். மருந்து வரிசையிலிருந்து ராத்தாவையும் அழைத்து வந்தேன். டொக்டர் சீனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"காக்கா, ஏன் தறிக் கொட்டில்ல படுக்கிறீங்க?"

காக்கா ராத்தாவைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார்.

"என்ட கொறட்டைக்குப் பேத்தி முழிச்சி அழுற, டொக்டர். மகளுக்கும் உறக்கம் இல்ல. அவள் ஒண்ணும் சொல்லல்ல. நானாத்தான் போன."

"அத எங்கிட்டச் சொன்னா என்ன?" என்றா ராத்தா.

"சொன்னா நீ அவளோட சண்ட புடிப்பா."

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டா. டொக்டர் அடுத்ததைக் கேட்டார்.

"ராவைக்கு உண்மையா ஒண்டும் சாப்பிடுறல்லையா?"

"போன திகதி தள்ளினதுக்குப் பொறகு ராச் சோத்தையே உட்டுட்டன்."

"அப்ப ராக் குளிசை?"

"அது எப்பிடிப் போடுற? சாப்பாட்டுக்குப் பொறகு போடச் சொல்லித்தானே நீங்க தந்த. சாப்பாடு இல்லாம எதுக்குப் பொறகு போடுற?"

மிஸ்ஸி வாயைக் கையால் பொத்திக்கொண்டா. டொக்டர் சிரிக்கவில்லை. "நாங்க சொன்னத அப்பிடியே செஞ்ச ஒரே ஆள் இவர்தான் மிஸ்ஸி" என்றார்.

சீனியைக் குறைக்கச் சோற்றை விட்டார். சோற்றை விட்டதால் குளிசையை விட்டார். சொல் தவறாத மனிதர் மட்டும் செய்யக்கூடிய பிழை அது.

"அது சரி டொக்டர்," என்றா ராத்தா. "குளிசை போடாட்டியும், திங்காத வகுத்துக்குச் சீனி எங்கால வந்த?"

டொக்டர் ஒரு குளிசைக் கவரை எடுத்து அதன் பின்பக்கத்தில் படம் கீறத் தொடங்கினார். அவருடைய தகப்பன் வெல்லாவெளியில் வட்டவிதானை. ஒரு வட்டையில் இருக்கிற வயல்களுக்கெல்லாம் குளத்துத் தண்ணீர் எப்போது, எவ்வளவு என்று சொல்லுகிற பொறுப்பு. அதனால் டொக்டருக்கு எந்த உறுப்பை விளக்கினாலும் தண்ணீர்தான் வரும்.

"ஈரல் ஒரு குளம் எண்டு வைங்க. நாம சாப்பிடுற நேரம் சீனியத் தேக்கும். ராவைக்குப் பட்டினியாக் கிடக்கக்க கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து விடும். காணாட்டி, புதுசாச் செஞ்சும் விடும். இல்லாட்டி உறக்கத்திலயே மயங்கிப் போவம். இன்சுலின்தான் வட்டவிதானை. 'காணும், கதவப் பூட்டு' எண்டு சொல்லும்."

"மறுகா ஏன் பூட்டல்ல?"

"அதுதான் எனக்கும் ஆசையா இருக்கு ராத்தா." டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "நாங்க படிக்கக்க, உடம்பு பெருத்தா ஈரல்ல கொழுப்பு ஏறி அது செவிடாப் போகும், இன்சுலின் சொல்லுறது கேக்காது எண்டு படிச்சம். அது பிழை இல்ல. ஆனா மூளையில இருந்து ஈரலுக்கும் நரம்பு போகுது. நாய் துரத்தினா, 'திற, சீனிய விடு, ஓட வேணும்' எண்டு கத்துற நரம்பு. உடம்பு பெருத்த ஆக்களுக்கு அந்த நரம்பு சும்மா இருக்கிற நேரத்திலயும் கத்திட்டே இருக்கு எண்டு இப்ப ஆராயிறாங்க. அப்ப கதவடியில நிக்கிறவன் முழுச் செவிடன் இல்ல. வட்டவிதானை சொல்லுறதும் அவனுக்குக் கேக்குது. மத்தவன் காதுக்க நிண்டு கத்துறான். அவன் ஆர்ர சொல்லக் கேப்பான்?"

"கத்துறவன்ட சொல்லத்தான்" என்றா ராத்தா உடனே.

"என்ன எந்த நாய் தொரத்துற டொக்டர்?" என்றார் காக்கா. "நான் படுத்துக் கிடக்கன்."

"உங்கட தொண்டைதான். கழுத்தில கொழுப்பு. மல்லாந்து படுக்கக்க வழி மூடுது. மூச்சு நிக்குது. மூளை பயந்து நரம்ப அடிக்குது. நீங்க முழிக்கிறல்ல, உங்களுக்குத் தெரியாது. ரா முழுக்க ஓடுறீங்க காக்கா. காலையில வந்து எங்களிட்ட ஏச்சும் வாங்குறீங்க."

 எனக்கு வாழைச்சேனைக்காரரின் நினைவு வந்தது. அவர் ஒரு ஊசிக்குப் பயந்து ஓடியவர். இவர் ஒவ்வோர் இரவும். பெருத்த ஆட்களைச் சோம்பேறி என்று சனம் சொல்வதை நான் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன். அன்றைக்கு என் விரலில் தட்டிய நாடி சோம்பேறியின் நாடி இல்லை.

"அப்ப இவரு திங்கல்லயா?" என்று ராத்தா மறுபடி கேட்டா. தெரியாமல் கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் அதை ஒருவர் சொல்ல வேண்டும் என்று கேட்டா.

"திங்கல்ல" என்றார் டொக்டர்.

காக்கா சாரத்தின் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரைக்கண்ணில் தண்ணீர் வருவது வழக்கம்தான் என்று மிஸ்ஸி வேறு பக்கம் திரும்பிக்கொண்டா.

இந்தக் குறட்டைக்கு மூக்கில் காற்றை ஊதிக்கொண்டே இருக்கிற மெசின் ஒன்று இருக்கிறது. அதற்கு டொக்டர் கொழும்புக்கு எழுதினார். அது வருகிறபோது வரட்டும் என்று கையில் இருந்ததைச் செய்தார். இரவுச் சோறு அளவாகச் சாப்பிட வேண்டும். குளிசை போட வேண்டும். படுக்கப் போகும்போது கொஞ்சம் இன்சுலின். ஊசி போட ராத்தாவை நான் பழக்கினேன். மல்லாந்து படுக்கக் கூடாது. அதற்கு டொக்டர் சொன்ன வழியைக் கேட்டு மிஸ்ஸி சிரித்துவிட்டா: பனியனின் முதுகில் ஒரு பை தைத்து, அதற்குள் உருண்டையாக எதையாவது வைக்க வேண்டும். ராத்தா வீட்டு முற்றத்தில் விழுந்த தென்னங்குரும்பை ஒன்றை வைத்துத் தைத்தா.

அடுத்த முறை வந்தபோது ராத்தா கதவைத் தாண்டும் முன்னரே தொடங்கிவிட்டா.

"டொக்டர், நானும் பாயக் கொண்டுபோய்த் தறிக் கொட்டில்ல போட்ட. இவரு உறங்கின. சத்தம் நிண்டு போன. நானும் பாக்கன், பாக்கன், மூச்சு இல்ல. போயிட்டாரெண்டு கலிமாவும் சொல்லிட்டன். சொல்லி முடியல்ல, இவரு 'ஹா' எண்டு எழும்பி, 'என்னகா ஓதுறா?' எண்டு கேக்காரு!"

"மறுகா?"

"மறுகா என்ன, குத்தித் திருப்பிட்டன். இனி இவரத் தனியப் படுக்க உடுறதில்ல."

"இந்த வயசுக்குப் பொறகுதான் இவக்கு என்னோட படுக்க ஆச வந்திரிக்கி" என்றார் காக்கா. வாங்கில் இருந்த பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "குரும்ப என்னத்துக்கு டொக்டர்? இவட கை காணும். மல்லாந்தா குரும்ப முதுகுல குத்துது, திரும்பினா இவ விலாவுல குத்துறா. பொலிஸுல புடிச்சி வெச்ச மாதிரி இரிக்கி."

காலைச் சீனி இறங்கியது. நேராக இறங்கவில்லை. ஒருநாள் இறங்கும், ஒருநாள் ஏறும். ஏன் இறங்கியது என்று எல்லாருக்கும் ஒவ்வொரு எண்ணம். குளிசைதான் என்றா மிஸ்ஸி. தன் கைதான் என்றா ராத்தா. நான் டொக்டரிடமே கேட்டேன்.

"எல்லாம்தான் அண்ணன். அதில நரம்பு எவ்வளவு, மருந்து எவ்வளவு, மெலிஞ்சது எவ்வளவு எண்டு எனக்குத் தெரியா. அறியத்தான் ஆசை."

ஒப்பரேசன் காலை வந்தது. சாம்பிள் எடுக்கும் வேலை எனக்கு. காக்காவும் ராத்தாவும் பஸ்ஸில் வந்து, பிந்திவிடுமோ என்று ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார்கள். காக்காவுக்கு மூச்சு வாங்கியது. கையைத் தொட்டேன், மீன் பெட்டிக்குள் வைத்து எடுத்ததுபோல் குளிர். ஒப்பரேசன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து நின்றது. "கெதியா அண்ணன்" என்றா மிஸ்ஸி.

"கொஞ்சம் பொறுங்க மிஸ்ஸி" என்றேன். காக்காவின் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன்.

"காக்கா, சாரத்துக்குக் கரை எப்பிடிப் போடுற? நூல் மாறாம எப்பிடி ஞாபகம் வெக்கிற?"

"இப்பவா கேக்குற?"

"இப்பதான் ஆறுதலா இருக்கம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மொதல்ல கறுப்பு. அதுக்குப் பக்கத்துல வெள்ள ஒரு நூல், மெல்லிசா. மறுகா கடும் நீலம். நீலம் முடியிற எடத்துல திருப்பியும் வெள்ள..." அவர் சொல்லச் சொல்ல விரல்கள் என் கைக்குள் நூல் எடுப்பதுபோல் அசைந்தன. தோள் இறங்கியது. கை சூடானது. பச்சைக் கரைக்கு வந்தபோது குத்தினேன். அவர் நிறுத்தாமல் அடுத்த நிறத்தைச் சொன்னார்.

முதல் துளியைத் துடைத்தேன். இரண்டாவதை எடுத்தேன். மெசின் யோசித்தது. நான் அவருக்குக் கேட்காமல் மூச்சு விடப் பார்த்தேன்.

"தம்பி?"

"கீழதான் காக்கா. எல்லைக்குக் கீழ."

மிஸ்ஸி மெசினை வாங்கிப் பார்த்தா. "என்ன காக்கா இது, இண்டைக்குப் பிளேன்ரீக்குச் சீனி காணாது போல" என்றா.  ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு என்னமோ ஓதினா. காக்கா மிச்சக் கரையைச் சொல்லி முடிக்காமலே எழும்பித் தியேட்டருக்குப் போனார்.

கட்டு அவிழ்த்த பிறகு கிளினிக்குக்கு வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. கதவடியில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீதானா தம்பி ரத்தம் எடுக்கிற? கொரலக் கேட்டு நல்ல செவல ஆளெண்டு நெனச்சிருந்தன்."

கிளினிக் முழுவதும் சிரித்தது. அவர் என் மேசையில் இருந்த சாம்பல் மூடிக் குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். நீல மூடிக் குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது வேற, இது வேற" என்றார்.  மற்றக் கண்ணுக்குத் திகதி எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குச் சனம் கலைந்த பிறகு டொக்டரும் போய்விட்டார், மிஸ்ஸியும் போய்விட்டா. நான் ஊசிகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். மேசையைத் துடைத்தேன். இரத்தம் கொடுக்க வருகிறவர் இருக்கிற கதிரை, ஊசித் தட்டுக்கு நேரே முகம் பார்த்து இருந்தது. நான் வந்த காலத்திலிருந்து அது அப்படித்தான். வாழைச்சேனைக்காரர் ஊசியைக் கண்டு வேர்த்ததும் அந்தக் கதிரையில்தான். அதைத் தூக்கி ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தேன். கை வைக்கிற பலகையை மற்றப் பக்கம் மாற்றினேன். சரியாக வருகிறதா என்று பார்க்க, நானே அதில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினேன்.

ஜன்னலால் வாவி தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. தண்ணீர்த் தாங்கிதான் தெரிந்தது. அது ஒழுகுகிற இடத்தில் ஒரு காகம் நின்று குடித்துக்கொண்டிருந்தது. அது குடித்து முடித்துப் பறக்கும் வரைக்கும் கையை நீட்டியபடியே இருந்தேன்.